எறிய வேண்டிய திகதி

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், மழை விடுவதும் பிடிப்பதுமாக இருந்த நேரத்தில் ஓர் அம்மா கடைக்கு வந்தார். வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் பாமசிக்கு மாதம் தவறாமல் பிரஷர் குளிசை வாங்க வருபவர். குடையை வாசலில் சாத்திவிட்டு, கைப்பைக்குள் டிஷ்யூவில் சுற்றி வைத்திருந்த சின்னக் கண் மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "மகள், இதுபோலவே இன்னொன்று தாங்கோ. இதிலே கொஞ்சம் மிச்சம் இருக்கு, ஆனா விட்டவுடனே எரியுது."

போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளி விழுகிற நுனியைச் சுற்றி மஞ்சளாக ஒரு பொருக்கு. மூடியைக் கழற்றினால் அதன் உட்பக்கத்திலும் அதே பொருக்கு வட்டமாகப் படிந்திருந்தது. எப்போது திறந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "சித்திரை வருசத்துக்கு முந்தி" என்றார். இப்போது ஒக்டோபர். ஆறு மாதம். நான் முகத்தைச் சுளித்திருப்பேன் போல, உடனே போத்தலைத் திருப்பி லேபிளைக் காட்டினார். "ஏன் மகள், திகதி இன்னும் முடியேல்லையே. அடுத்த வருசம் வரைக்கும் போட்டிருக்கே."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. லேபிளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தத் திகதி மூடி திறக்காத போத்தலுக்கு உரியது. திறந்த நிமிடத்திலிருந்து வேறு கணக்கு ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலான கண் சொட்டு மருந்துகளைத் திறந்து 28 நாளில் எறிந்துவிட வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் நடைமுறை. அதை அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. போத்தலைக் கொடுத்தது எங்கள் கடைதான் என்றால் நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து இது மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் 28 நாள்? நுனி இமையில் படுகிறது, கண்ணீரில் படுகிறது, சிலநேரம் விரலில் படுகிறது. போத்தலை அமுக்கித் துளியை விட்டபிறகு கையைத் தளர்த்தும்போது உள்ளே காற்று போக வேண்டும் அல்லவா, அந்தக் காற்றோடு நுனியில் நிற்கும் கொஞ்ச ஈரமும் உள்ளே போகிறது. ஒவ்வொரு தடவையும் கண்ணில் இருந்ததில் ஒரு துளி போத்தலுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சமாளிக்கத்தான் பென்சல்கோனியம் குளோரைட் போன்ற பதப்படுத்திகளைச் சேர்க்கிறார்கள். ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை என்று மாதக்கணக்காக வருகிற கிருமிகளை எல்லாம் தாங்க அதற்குச் சக்தி கிடையாது.

அந்த அம்மாவைக் கண் டொக்டரிடம் அனுப்பினேன். எரிவுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அதைத் தீர்மானிப்பது என் வேலை இல்லை.

எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வந்ததற்கு ஒரு கதை இருக்கிறது. படித்து முடித்த புதிதில் கொழும்பில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை செய்தேன். எது என்று சொல்வது இங்கே தேவையில்லை. அங்கே வாட்டுகளுக்குக் காயம் கழுவும் தொற்றுநீக்கியைக் கலந்து அனுப்புவது எங்கள் பொறுப்பு. குளோர்ஹெக்சிடினும் செட்ரிமைட்டும் சேர்ந்த கெட்டியான மஞ்சள் திரவம், பெரிய கேனில் வரும். ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்து, வாட்டிலிருந்து வரும் போத்தல்களில் ஊற்றிக் கொடுப்போம். போத்தல் முழுக்கக் காலியாகி வருவது அபூர்வம், அடியில் இரண்டு விரற்கடை மிச்சம் இருக்கும். அதன் மேலேயே புதிதாக ஊற்றி நிரப்புவோம். எனக்கு முன் இருந்தவர்கள் அப்படிச் செய்தார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். தொற்றுநீக்கிக்குள் என்ன வரப்போகிறது என்ற எண்ணம்தான். கிருமியைக் கொல்லுகிற மருந்துக்குள்ளேயே கிருமி இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

ஒரு மாதத்துக்குள் ஒரே வாட்டில் மூன்று பேருக்குச் சத்திரசிகிச்சைக் காயம் பழுத்தது. காயக்கட்டுத் துணியில் பச்சையாக ஈரம். ஒரு மணம் வேறு, அழுகல் நாற்றம் இல்லை, பழுத்த திராட்சையின் மணம் போல ஒரு இனிப்பு. சூடோமோனாஸ் என்ற கிருமியின் அடையாளம் அது. தாதிமார் தங்கள் கையைப் பற்றியும் கட்டிலைப் பற்றியும் பயந்துகொண்டிருந்தபோது, நுண்ணுயிரியல் டொக்டர் வந்து முதலில் கேட்டது, "காயம் கழுவும் போத்தல் எங்கே?" என்றுதான். வாட்டிலிருந்த போத்தலின் கழுத்தில் ஒரு பஞ்சுக் குச்சி, உள்ளே இருந்த திரவத்தில் ஒன்று, பிறகு எங்கள் மருந்தகத்துக்கு வந்து நாங்கள் கலக்கும் பிளாஸ்டிக் ஜக்கின் உட்பக்கத்தில் ஒன்று.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். உள்ளங்கையளவு கண்ணாடித் தட்டு. கிருமி வளர்க்க அதில் ஊற்றியிருக்கும், வெளிர் நிறமாக இருக்க வேண்டிய அகார் என்ற ஜெல்லி, குளத்துத் தண்ணீர் மாதிரிப் பச்சையாக மாறியிருந்தது. வாட்டுப் போத்தலும் பச்சை, எங்கள் ஜக்கும் பச்சை. என்னைத் திட்டவில்லை. "பாருங்கோ, இது நீங்கள் கலந்து கொடுத்ததில் வளர்ந்தது" என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று பேரும் குணமாகி வீட்டுக்குப் போனார்கள், ஆனால் ஒருவர் ஐந்து வாரம் கூடுதலாகக் கட்டிலில் கிடந்தார். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளி. அவருடைய மனைவி தினமும் மருதானையில் ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து நடந்து வந்து போவார். எனக்கு அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

பிழை எங்கே நடந்தது என்று பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கலந்தது குழாய்த் தண்ணீரில். ஜக்கைக் கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்தோம், அது ஒருநாளும் முழுக்கக் காயவில்லை. பழைய மருந்தின் மேல் புது மருந்தை ஊற்றினோம். அடியில் நிற்கும் அந்த இரண்டு விரற்கடைக்குள் பிழைத்துக்கொண்ட கிருமிகள் ஒவ்வொரு முறையும் புதுச் சாப்பாடு கிடைத்ததுபோல வளர்ந்தன. போத்தலின் உட்சுவரில் அவை ஒரு வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்ளும். பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியைத் தடவினால் விரலில் ஒட்டுமே, அப்படி. அந்தப் படலத்துக்குள் இருப்பவற்றுக்கு மேலே ஓடும் மருந்து அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். வாட்டில் வேறு, அகன்ற வாய்ச் சாடியில் பஞ்சை ஊறப்போட்டு நாள் முழுக்கக் கையால் எடுப்பார்கள். பஞ்சு மருந்தின் பலத்தை உறிஞ்சிக் குறைத்துவிடும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இது அந்த மருத்துவமனைக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை என்பதைத் தேடிப் படிக்கப் படிக்கத்தான் விளங்கியது. 1951இலேயே இங்கிலாந்தில் செட்ரிமைட் போத்தல்களில் இதே சூடோமோனாஸ் வளர்ந்ததை லோபரி என்பவர் எழுதியிருக்கிறார். அங்கே குற்றவாளி கார்க் மூடி. கார்க்கின் துளைகளுக்குள் கிருமி ஒளிந்திருந்து மருந்துக்குள் இறங்கியது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பொவிடோன் அயடீனுக்குள்ளேயே ஒரு கிருமி உயிரோடு இருந்து, நோயாளிகளின் இரத்த மாதிரிகளில் கலந்து, இல்லாத தொற்றை இருப்பதுபோலக் காட்டியது. எங்கள் வீடுகளிலும் இருக்கிற அதே மண்ணிறத் திரவம்தான்.

அந்தக் கிருமியின் பெயர் பர்க்ஹோல்டேரியா செபேசியா. இதன் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1950இல் வால்டர் பர்க்ஹோல்டர் என்ற அமெரிக்கத் தாவர நோயியலாளர் இதைக் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா, அழுகிய வெங்காயத்தில். லத்தீனில் வெங்காயத்துக்கு 'செப்பா', அதிலிருந்துதான் செபேசியா. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. மிகக் குறைந்த ஊட்டத்தில் தாக்குப்பிடிக்கும், பல தொற்றுநீக்கிகளையும் பதப்படுத்திகளையும் தாங்கும். ஆரோக்கியமான ஆளைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஐசியூவில் குழாய் போட்டுக் கிடப்பவருக்கும் நுரையீரல் பலவீனமானவருக்கும்தான் ஆபத்து. புறக்கோட்டையில் வெங்காய மூட்டைகள் இறங்கும் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெயர் நினைவுக்கு வரும்.

மருத்துவமனை என்றதும் நாங்கள் பார்ப்பது தரை துடைத்திருக்கிறதா, கக்கூஸ் மணக்கிறதா, லைசோல் வாசம் வருகிறதா என்பதைத்தான். அதெல்லாம் வேண்டியதுதான், ஆனால் அங்கே ஆளைச் சாய்க்கிற கிருமிகளில் பல கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற இடங்களில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டே இரண்டு தேவை, ஈரமும் நேரமும். கொழும்பில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. துவாய் ஒருநாளில் காயாத ஊர் இது. வெயிலும் சேர்ந்து முப்பது பாகையில் எல்லாவற்றையும் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது.

வாட்டில் கை கழுவும் சிங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். கை கழுவச் சொல்லி மேலே படம் ஒட்டியிருக்கும். கீழே, தண்ணீர் போகும் வளைந்த குழாய்க்குள் எப்போதும் தண்ணீர் நிற்கும், அதில் கிருமிகள் குடியிருக்கும். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இதைச் சோதிக்கவென்றே வரிசையாகச் சிங்க்குகளைக் கட்டி, 2017இல் முடிவை வெளியிட்டது. வளைவில் விட்ட கிருமி, ஊட்டம் கிடைத்தபோது குழாய்ச் சுவர் வழியே நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் மேலே ஏறி வந்தது. ஒரு வாரத்தில் சிங்க்கின் வாய். அங்கே வந்தபிறகு, மேலிருந்து தண்ணீர் விழும் வேகத்தில் தெறித்து முக்கால் மீட்டர் வரைக்கும் சுற்றிப் படிந்தது.

ஊட்டம் எங்கிருந்து கிடைக்கிறது? நாங்கள்தான் கொடுக்கிறோம். எங்கள் வாட்டுகளில் நோயாளியின் சொந்தக்காரர்கள் மிச்சப் பால்தேநீரை அந்தச் சிங்க்கில்தான் ஊற்றுகிறார்கள், சோற்றுத் தட்டை அங்கேதான் கழுவுகிறார்கள், செவ்விளநீரும் சூப்பும் அங்கேதான் போகின்றன. அவர்களையும் குறை சொல்ல முடியாது, வேறு சிங்க் இருந்தால்தானே. கை கழுவ ஒரு சிங்க், பாத்திரத்துக்கு ஒரு சிங்க் என்று பிரிப்பதற்குப் பெரிய காசு வேண்டாம், யாராவது ஒருவர் அதை முக்கியம் என்று நினைத்தால் போதும். அதுவரைக்கும், நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் மிச்சச் சாப்பாட்டை ஒரு பையில் கட்டி வெளியே கொண்டுபோங்கள். சிங்க்கின் ஓரத்தில் மருந்தையோ ஊசிச் சாமான்களையோ வைத்திருப்பதைக் கண்டால் தயங்காமல் தாதி மிஸ்ஸிடம் சொல்லுங்கள். மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். நானும் அந்தப் பக்கம் நின்றவள், எனக்குத் தெரியும்.

கட்டில் கம்பி, திரைச்சீலை, கதவுப்பிடி, கைபேசி இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், காய்ந்த மேற்பரப்பிலும் ஸ்டாபிலோகோக்கஸ் ஒரியஸ், அசினெட்டோபாக்டர் போன்றவை வாரக்கணக்கில், சிலநேரம் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கட்டிலில் உட்காராமல் கதிரையில் உட்காரச் சொல்வது சும்மா சட்டம் பேசுவதற்காக இல்லை.

இனி எங்கள் பக்கம், பாமசி. மருத்துவமனையை விட இங்கே கண்காணிப்புக் குறைவு, வாங்குகிறவர்களும் அவசரத்தில் இருப்பார்கள். ஆயிரம் குளிசை கொண்ட பெரிய டப்பாவிலிருந்து வெறுங்கையால் அள்ளி, மேசையில் கொட்டி, விரலால் இவ்விரண்டாக நகர்த்தி எண்ணுவதை நீங்கள் எத்தனை இடத்தில் பார்த்திருப்பீர்கள்? அதே கை சற்று முன் நூறு ரூபாய்த் தாளை எண்ணிய கை. அதைவிட மோசமானது, காகித உறை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று விரல் நுனியை நாக்கில் தொட்டுப் பிரிப்பது, அல்லது வாயருகே வைத்து ஊதித் திறப்பது. இன்றும் நடக்கிறது. செய்கிறவர்களுக்கு அது தப்பு என்று தோன்றுவதே இல்லை, கை தானாகப் போய்விடும். எங்கள் கடையில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எண்ணும் தட்டு, தட்டையான கரண்டி, ஒரு மருந்து முடிந்து அடுத்த மருந்து தொடுவதற்கு முன் ஸ்பிரிட்டால் துடைப்பு. உறையைப் பக்கவாட்டில் மெதுவாக அமுக்கினால் தானே வாய் திறக்கும்.

குளிசை காய்ந்ததுதானே, அதில் என்ன கிருமி என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. 1960களில் சுவீடனில் தைராய்டுக் குளிசை சாப்பிட்ட 200 பேருக்கு மேல் சால்மொனெல்லா என்ற குடல் கிருமி தொற்றியது. மிருகங்களின் தைராய்டுச் சுரப்பியை அரைத்த தூளில் செய்த குளிசை அது, தூளிலேயே கிருமி இருந்திருக்கிறது. ஊசி மருந்துக்கு மட்டும் கிருமி பார்த்தால் போதும் என்று இருந்தவர்களை, வாயால் சாப்பிடும் மருந்துகளுக்கும் இத்தனைக்கு மேல் கிருமி இருக்கக்கூடாது என்று எல்லை வைக்கும் பக்கம் தள்ளியதில் அந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவனுக்கு அதைச் சொன்னபிறகு அவன் டப்பாவுக்குள் கை விடுவதை நான் காணவில்லை.

ஊசி மருந்தில் இதே பிழை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1972இல் இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவமனையில் நடந்ததைச் சொல்லலாம். சத்திரசிகிச்சை முடிந்தவர்களுக்கு ஏற்றிய டெக்ஸ்ட்ரோஸ் என்ற சீனிக் கரைசல் போத்தல்களில் கிருமி இருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். தொழிற்சாலையில் ஓட்டோகிளேவ் என்ற நீராவிக் கொதிகலனில்தான் போத்தல்களை ஏற்றியிருந்தார்கள். ஆனால் உள்ளே இருந்த காற்று முழுக்க வெளியேறவில்லை. காற்று நீராவியை விடக் கனமானது, அடியில் தங்கிவிடும், தங்கிய இடத்தில் நீராவி போய்த் தொடாது. அதனால் மேல் தட்டுப் போத்தல்கள் வெந்தன, அடித்தட்டுப் போத்தல்களுக்குச் சூடு போதவில்லை. வெப்பநிலையைப் பதியும் கருவி ஏறவில்லை என்பது அன்றைக்கே தெரிந்தது. கருவிதான் பழுது என்று நினைத்து விட்டுவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பச்சை ஜக்கும் அதுவும் ஒன்றுதான் என்று பட்டது. இரண்டிலும் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, கண்முன்னே இருந்ததை நம்பவில்லை, அவ்வளவுதான்.

இவை எல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2012இல் அமெரிக்காவில் ஒரு மருந்து கலக்கும் நிறுவனத்தின் ஸ்டீரொய்ட் ஊசியில் பூஞ்சணம் இருந்து, ஊசி போட்டவர்களில் 750 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023இல் அதே நாட்டில், சென்னைக்குப் பக்கத்தில் தயாரான செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தோடு தொடர்புபட்டு 81 பேருக்குச் சூடோமோனாஸ் தொற்றியது. நாலு பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது, நாலு பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. பதப்படுத்தி சேர்க்காத மருந்தை, பல தடவை திறந்து மூடும் போத்தலில் அடைத்திருந்தார்கள். அந்த ஆண்டேதான் எங்கள் நுவரெலியாவில் கண்புரை சத்திரசிகிச்சைக்குப் பிறகு விட்ட சொட்டு மருந்தால் பலருடைய பார்வை பாதிக்கப்பட்டது. மலையகத்து ஏழை மக்கள், வயதானவர்கள், பார்வை தெளியும் என்று நம்பிப் போனவர்கள். செய்தி வந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்த ஒவ்வொருவரும் தங்கள் கண் மருந்தைக் காட்டி, "இது நல்லதா?" என்று கேட்டார்கள். மருந்து அதிகாரசபை, தர ஆய்வுகூடம், இறக்குமதிப் பதிவு எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் சத்தம் போட வேண்டிய விஷயம் அது. சத்தம் போட வேண்டும். ஆனால் நல்ல மருந்தும் வீட்டுக்கு வந்தபிறகு கெட்டுப்போவது எங்கள் கையில் இருக்கிறது.

பிள்ளைகளின் அன்டிபயோட்டிக் பாணி மருந்து அதற்கு நல்ல உதாரணம். தூளாக வரும், தண்ணீர் சேர்க்க வேண்டும். கொதித்தாறிய நீர், அதாவது நன்றாகக் கொதித்து முழுக்க ஆறிய நீர். சூட்டோடு ஊற்றினால் மருந்தின் பலம் கெடும், பைப் தண்ணீரை ஊற்றினால் இனிப்புப் பாணிக்குள் கிருமிக்கு விருந்து. முதலில் தூளைத் தட்டி உதிர்த்து, பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடுவரை மிச்சத்தை ஊற்றுங்கள். எத்தனை நாள் வைக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும், சிலது பிரிட்ஜில் ஏழு நாள், சிலது பதினாலு. கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு என்று கதவுத் தட்டில் வைக்காதீர்கள்.

எறியச் சொல்வது எனக்கு லேசான காரியம் இல்லை. 2022இல் மருந்தே இல்லாத மாதங்களில் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் நான். மார்ச் கடைசியில் ஒருநாள் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. இன்சுலினைக் காப்பாற்ற மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மூடிய போத்தலில் மருந்தை நனையாமல் வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். அப்படிச் சேர்த்துக் காத்த மருந்தைப் பாதியில் எறி என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? அந்த அம்மாவும் ஆறு மாதம் கண் மருந்தைச் சிக்கனமாக விட்டது விலையை நினைத்துத்தான். அதனால் இப்போது நான் செய்வது, ஒரே மருந்து சின்ன அளவில் கிடைத்தால் அதைக் கொடுப்பது. 10 மில்லிலீட்டரில் பாதியை எறிவதை விட 5 மில்லிலீட்டரை முடிப்பது நல்லது. வாங்கும்போது நீங்களும் அப்படிக் கேட்கலாம்.

நெபுலைசர் இருக்கிற வீடுகள் கொழும்பில் கூடிவிட்டன. பிள்ளைக்கு இழுப்பு வந்தால் நள்ளிரவில் ஓடத் தேவையில்லை, நல்லதுதான். ஆனால் மருந்து ஊற்றும் அந்தச் சின்னக் கிண்ணத்தைப் பயன்படுத்தியபின் அப்படியே குழாயோடு சுருட்டிப் பையில் போட்டு வைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருநாள் ஒரு இளம் தாய் கொண்டுவந்த கிண்ணத்தின் அடியில், நகத்தால் சுரண்டினால் வருகிற அளவுக்கு இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு. அதில் ஊற்றும் மருந்து நேரே பிள்ளையின் நெஞ்சுக்குள் புகையாகப் போகிறது. ஒவ்வொரு தடவையும் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதித்தாறிய நீரில் அலசி, சுத்தமான துணியில் விரித்து முழுக்கக் காயவிடுங்கள். காய்வதுதான் பாதி வேலை. மருந்தோடு சேர்க்கும் சேலைனையும் பெரிய போத்தலாக வாங்கி வாரக்கணக்காக ஊசியால் உறிஞ்சி எடுக்காதீர்கள். அதில் பதப்படுத்தி எதுவும் கிடையாது. ஒருமுறைக்கு உரிய சின்னக் குப்பிகள் கிடைக்கின்றன.

கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் பம்புப் போத்தல்களை இன்னும் கடை வாசல்களில் காண்கிறேன், மேலே மேலே நிரப்பியபடி. சிலர் கனகாலம் வரட்டும் என்று தண்ணீரும் சேர்க்கிறார்கள். அல்கஹோல் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அதை நம்ப முடியாது. சுத்தமான அல்கஹோலாக இருந்தால் இன்னும் நல்லது என்பதும் சரியில்லை, கிருமியின் புரதத்தைக் கெடுக்கக் கொஞ்சம் தண்ணீரும் தேவை, அதனால்தான் 70 சதவீதம். குளோரின் தூள் கரைத்து வைக்கிறவர்களுக்கும் ஒன்று, அன்றன்றைக்குக் கரைத்தால்தான் வேலை செய்யும். நேற்றுக் கரைத்தது வாசம் வரும், பலம் இருக்காது.

அந்தப் பழைய மருத்துவமனையில் பிறகு ஜக்கை எறிந்தோம். சின்னப் போத்தல்கள், திரும்பி வருபவை எல்லாம் காலி செய்து, கழுவி, சூட்டில் காய்ந்தபிறகுதான் நிரப்புதல், கலந்த திகதி கழுத்தில். நான் இருந்தவரை அந்தப் பச்சை திரும்பி வரவில்லை.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை அந்த அம்மா புது மருந்துத் துண்டோடு வந்தார். டொக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்திருந்தார், கண் சிவப்பு குறைந்திருந்தது. கடையிலேயே முதல் துளி விடச் சொல்லிக் கேட்டார். கையைக் கழுவி வந்து, நுனி படாமல் எப்படி விடுவது என்று காட்டிக் கொடுத்துவிட்டு, மார்க்கரை எடுத்தேன். போத்தலில் எழுத இடமில்லை. வெள்ளை பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, ஒக்டோபர் 18 திறந்தது என்று எழுதினேன். வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"மகள், திறந்த திகதி எனக்கு எதுக்கு? நான் பிறகு விரல் விட்டு எண்ணிக்கொண்டு இருக்கணும். எறிய வேண்டிய திகதியை எழுதுங்கோ. பெரிசா."

இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. பிளாஸ்டரை உரித்துவிட்டு வேறு துண்டு வெட்டினேன். நவம்பர் 15 என்று எழுதினேன், இடம் கொண்ட மட்டும் பெரிதாக. அன்றிலிருந்து கடையில் எல்லாப் போத்தலுக்கும் அப்படித்தான் எழுதுகிறோம்.